குரலைத் தின்ற பெட்டி

வேப்பமரக் கிளையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து என் நாத்தனார் வசந்தாவின் குரல் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அப்புறம் அது இல்லை.

அவள் பாடுவதை நிறுத்தவில்லை. மைக்குக்கு முன்னால் கண்ணை மூடி நின்று ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் குரல் நேராகவே காதில் விழுந்தது. மரத்திலிருந்து மட்டும் விழவில்லை. அடுத்த அடிக்குப் போனதும் ஸ்பீக்கருக்கு உயிர் வந்தது. மறுபடி இழுத்தாள், மறுபடி கரைந்தது.

ஆவடியில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸின் பிள்ளையார் கோயில் வாசல் அது. ஆனி மாதக் கடைசி. வெயில் தாழ்ந்து, மண் இன்னும் சூடு விட்டுக்கொண்டிருந்த நேரம். யார் வீட்டிலோ கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் மாவு அரைக்கும் சத்தம் தூரத்தில் கேட்டால் அந்த மஞ்சள் வெளிச்சம் எனக்குக் கண்ணில் வந்து நிற்கிறது.

வசந்தா கண்ணைத் திறந்தாள். மரத்தைப் பார்த்தாள். பிறகு என் மடியில் இருந்த தகரப் பெட்டியைப் பார்த்தாள்.

"அண்ணி, உங்க பொட்டி என் குரலைத் தின்னுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அமைதியாகச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலைக்குப் போன பட்டரவாக்கம் ரயிலைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, இறங்கிப் போய் அந்தக் கம்பெனியில் என்னதான் செய்தீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மடியில் இருந்த அந்தப் பெட்டியைத்தான் செய்தேன்.

கூவுகிற மைக்

மைக் ஏன் கூவுகிறது என்பது பெரிய ரகசியம் இல்லை. மைக்கில் போன குரல் ஸ்பீக்கரில் பெரிதாகி வெளியே வருகிறது. அதில் கொஞ்சம் காற்றோடு திரும்பி வந்து அதே மைக்கில் நுழைகிறது. மறுபடி பெரிதாகிறது, மறுபடி நுழைகிறது. சுற்றிச் சுற்றி ஒரு கட்டத்தில் கைமீறிப் போய் 'வீல்' என்று ஒரே கத்தல். சத்தத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். கணீரென்ற குரல் உள்ளவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

வசந்தாவுக்குக் கணீர்க் குரல் கிடையாது. மெல்லிய, கொஞ்சம் கரகரத்த அடிக்குரல். அவள் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க வரிசை வரிசையாக மிஷின்கள் ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் வாய்விட்டுப் பாடுவாளாம். பக்கத்து மிஷின்காரிக்குக்கூடக் கேட்காது என்பதுதான் அவளுக்கு அதில் சுகம். வீட்டில் குளியலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத்தான் பாடுவாள். தண்ணீர் வீணாகிறதே என்று அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், தினமும் முணுமுணுப்பார். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்கிற தங்கையிடம் அதற்கு மேல் பேச அவருக்குத் தைரியம் இல்லை.

ஒரு நாள் காலை பாதிப் பாட்டில் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அவள் கவனிக்காமல் இன்னும் இரண்டு அடி பாடிவிட்டாள். கையில் காபி டம்ளரோடு நடையில் நின்றிருந்த நான் அப்படியே நின்றேன். அம்மன் பேரில் ஒரு பழைய பாட்டு, யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு இடத்தில் ஸ்வரம் நீண்டு போய் ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கும். அந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் மதுரைப் பக்கத்துக்காரி, அவ்வளவு சுலபத்தில் கண் கலங்குகிற ஜாதி இல்லை.

அந்த வருஷ நவராத்திரிக்கு எங்கள் வரிசைப் பெண்கள் கெஞ்சிக் கூத்தாடி அவளை மைக் முன்னால் நிறுத்தினார்கள். குரல் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று பின்னாலிருந்து சொல்ல, சத்தத்தை ஏற்ற, அந்த நீண்ட ஸ்வரத்தில் மைக் வீலென்று கத்தியது. குறைத்தால் குரல் இல்லை. ஏற்றினால் கத்தல். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வசந்தா பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அடுத்து வந்த நாட்களில் தெருப் பிள்ளைகள் அவள் தலையைக் கண்டதும் 'கீ' என்று கூவினார்கள்.

அதற்குப் பிறகு குளியலறையில் குழாய்ச் சத்தம் மட்டும்தான். அண்ணன் முணுமுணுப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

மொட்டை மாடியில் வடாமும் சிப்பும்

நான் வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி. அதற்குள் ஒரு ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. பிரிவு என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் சால்டரிங் அயர்ன். ஈயத்தோடு உருகும் ரோசனப் பிசினின் வாசனை எனக்குக் கோயில் சாம்பிராணி மாதிரி பழகியிருந்தது. கம்பெனி வேலையோடு பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் பகுதி நேர ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். தலைப்பு, அடாப்டிவ் ஃபில்டர். தகவமைப்பு வடிகட்டி என்று இப்போது அழகாகச் சொல்கிறார்கள்.

சாதாரண வடிகட்டியை நாம் செய்து வைத்தால் வைத்தபடியே இருக்கும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு நொடியும் தான் செய்த தப்பைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும். புது மருமகள் மாமியார் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் குழம்பில் புளியைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி. புளி சரியானதும் மாமியார் வாயை மூடிக்கொள்வார். அந்த அமைதியை நோக்கித்தான் ஃபில்டரின் எல்லாப் பாடும்.

எந்தப் பிரச்சினையை எடுக்கப்போகிறீர்கள் என்று என் பேராசிரியர் கேட்டார். ஒலிபெருக்கியின் ஊளையை அடக்குவது என்றேன். ஸ்பீக்கருக்குப் போகிற குரல் பெட்டிக்குத் தெரியும். அதில் எவ்வளவு, எப்படி மைக்குக்குத் திரும்பி வரும் என்று அது கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்டதை மைக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். கழித்துவிட்டால் சுற்று அறுந்துபோகும், கத்தல் வராது. நல்ல பிரச்சினை என்றார் அவர். என் வீட்டுக் குளியலறையில் பாட்டு நின்றுபோனதுதான் பிரச்சினை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் புரோகிராமை ஒரு வகைச் சிப்பில் எரித்து வைப்போம். அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா வெளிச்சத்தைக் காட்டினால் எழுதியது அழிந்துபோகும், மறுபடி எழுதலாம். கம்பெனியில் அழிக்கும் விளக்கு ஃபியூஸ் போய்விட்டது. சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஆவடி வெயில் இருக்க சிங்கப்பூர் எதற்கு? சிப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில், நாங்கள் வடாம் பிழிந்து வைத்த வேட்டிக்குப் பக்கத்தில், ஜன்னல் மேலே பார்க்க வரிசையாகக் காய வைத்தேன். ஒரு வாரம் நல்ல வெயில் அடித்தால் பழைய தப்பெல்லாம் சுத்தமாக அழிந்துவிடும்.

மாடிக்கு வருகிறவர்கள் அது என்ன வடாம் என்று கேட்பார்கள். வசந்தா வடாமுக்கும் சிப்புக்கும் சேர்த்துக் காக்கை ஓட்டினாள். புதிதாக எழுதிய சிப்பில் வெளிச்சம் படாமல் இருக்க ஜன்னலை மூட வேண்டும். கறுப்பு ஸ்டிக்கர் கைவசம் இல்லாத ஒரு நாள் அவள் தன் நெற்றியிலிருந்து பெரிய அரக்குப் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டினாள். அதன் பிறகு எல்லாச் சிப்புக்கும் பொட்டுதான்.

அந்த விடுமுறைப் பகல்களை நினைத்தால் எனக்கு ஒரே வெளிச்சமாகத்தான் வருகிறது. சூடான தரை, அரிசிக் கூழின் வாசனை, தூரத்தில் தொழிற்சாலைச் சங்கு, கண்ணாடி ஜன்னல்களில் துண்டு துண்டாகச் சூரியன். நாங்கள் இரண்டு பேரும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். யாருக்காக இந்தப் பெட்டி என்று அவள் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை.

ஆடி வெள்ளித் திருவிளக்குப் பூஜை நெருங்கியபோதுதான் கேட்டேன். இந்தப் பெட்டியை வைத்துப் பாடிப் பார்க்கிறாயா? வசந்தா வெகு நேரம் வடாமைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், இன்னொரு தடவை பாடுகிறேன், அதுவும் கெட்டுப்போனால் அப்புறம் எந்த ஜென்மத்திலும் என்னைப் பாடச் சொல்லக் கூடாது என்றாள். சரி என்றேன்.

அந்த ஒத்திகையில்தான் பெட்டி அவள் குரலைத் தின்றது.

ஹலோ, மைக் டெஸ்டிங்

"கத்துனாக்கூட நான் பாடறேன்னு நாலு பேருக்குத் தெரியும் அண்ணி. இதுல நான் சும்மா வாயத் தொறந்துக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு."

இதைச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் மாதக்கணக்காகச் சோதித்த பெட்டி. ஒரு தடவைகூட இப்படிச் செய்ததில்லை.

மறுநாள் திருமுல்லைவாயிலில் கன்னியப்பனின் சவுண்ட் சர்வீஸ் கடைக்கு ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கன்னியப்பன் அந்த ஊர்ப் பழைய குடியானவக் குடும்பம். காலையில் ஏரிக்கரைப் பக்கம் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவார், மாலையில் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுவார். எங்கள் கோயிலுக்கும் அவர்தான். ஆம்ப்ளிஃபயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டாமல் சுவிட்சைப் போட மாட்டார். என் பெட்டியையும் ஒரு சாமி மாதிரிதான் எட்ட நின்று பார்ப்பார்.

"இன்னா யக்கா, பொட்டி மூச்சு வுடுதா?"

விட்ட மூச்சு நின்றுபோனதைச் சொன்னேன். அவர் 'த்சொ' கொட்டிவிட்டு ஒரு கல்யாணத்துக்கான மைக்கைக் கையில் எடுத்தார். தட்டினார். "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

இந்த நாட்டில் யாரும் மைக்கை வேறு மாதிரி சோதித்து நான் பார்த்ததில்லை. மேடைப் பேச்சுக்கும் அதுதான், பாட்டுக் கச்சேரிக்கும் அதுதான். நானும் கம்பெனி மேஜையில் மாதக்கணக்காக அதையேதான் சொல்லியிருக்கிறேன். ஹலோ, ஒன், டூ, த்ரீ. என் பெட்டி பிறந்ததிலிருந்து ஒரு நீண்ட ஸ்வரத்தைக் கேட்டதே கிடையாது.

வீட்டுக்கு வரும் ரயிலில் எல்லாம் தெளிந்துபோனது. பேச்சு நொடிக்கு நொடி மாறுகிறது. அதனால் இப்போது பேசுவது எது, சற்று முன் பேசியது திரும்பி வருவது எது என்று பெட்டி பிரித்துவிடுகிறது. ஸ்வரத்தை இழுத்துப் பிடித்தால் இப்போது பாடுவதும் சற்று முன் பாடியதும் ஒன்றேதான். பெட்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை. எல்லாமே திரும்பி வந்ததுதான் என்று நினைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக முழுவதையும் கழித்துவிடுகிறது. அண்ணனூர் தாண்டும்போது ரயில் ஒரு நீண்ட ஹார்ன் அடித்தது. நான் மட்டும் தனியாகச் சிரித்தேன். எதிர் சீட்டுப் பெண்மணி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பேச்சுக்கு வேலை செய்கிறதல்லவா, அதையே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பாட்டு உங்கள் தலைப்பிலேயே இல்லை என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவர் வீட்டுக் குளியலறையில் யாரும் பாடுவதை நிறுத்தியிருக்கவில்லை.

காலுக்கு ஒரு வேலை

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஸ்வரம் நீளும்போது பெட்டி கற்பதை நிறுத்திவிட வேண்டும். அதுவரை கற்றதை வைத்துக் கழிக்கலாம், புதிதாக ஒன்றும் கற்கக் கூடாது. ஒரேயடியாக நிறுத்திவிடவும் முடியாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், வேப்பமரத்து ஸ்பீக்கர் ஆடாமல் இருக்குமா? அது ஆட ஆடக் குரல் திரும்பி வரும் வழியும் மாறும். மூச்சு வாங்குகிற இடங்களிலும், சொற்கள் வேகமாகப் போகிற இடங்களிலும் மறுபடி கற்க வேண்டும்.

ஸ்வரம் எப்போது நீளப்போகிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பாடுகிறவளுக்குத் தெரியுமே என்பது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. தையல் மிஷின் மோட்டாருக்கு வைக்கிற கால்மிதி ஒன்றை வாங்கிப் பெட்டியோடு இணைத்தேன். மிதித்தால் கற்காது. காலை எடுத்தால் கற்கும்.

வசந்தாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு. நாள் முழுக்க மிதித்துவிட்டுத்தான் வருகிறேன், சாமிக்கும் மிதிக்க வேண்டுமா என்றாள். ஆனால் கால் வைத்த விதத்தைப் பார்த்தேன். அவள் நினைப்பதற்கு முன்பே கால் நினைத்தது.

இன்னொரு சிக்கல் இருந்தது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் பெட்டி அந்த வாசலை ஒரு தடவை கற்றாக வேண்டும். அதற்குப் பேச்சு வேண்டும். அதாவது, வசந்தா கூட்டத்தைப் பார்த்து இரண்டு வாக்கியமாவது பேச வேண்டும்.

பாடுகிறேன், பேச மாட்டேன் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். கன்னியப்பன் நடுவில் வந்தார். "நா வந்து ஹலோ ஹலோன்னு வுட்டுக்கினு போனா பத்தாதா யக்கா?" பத்தாது. மைக்குக்கு முன்னால் யார் நிற்கிறார்களோ அந்த உடம்பும் சேர்ந்துதான் குரல் வரும் வழி. அவர் நின்று கற்றுக் கொடுத்துவிட்டு இவள் நின்று பாடினால் கணக்குத் தப்பும். பாடுகிறவளேதான் நின்று பேச வேண்டும். அனைவருக்கும் வணக்கம் என்று சொன்னால்கூடப் போதும் என்றேன். அவள் மிதியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விளக்குப் பூஜை

காற்று என்றால் அப்படி ஒரு காற்று. கோயில் வாசல் முழுக்க வரிசையாகக் குத்துவிளக்குகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெண், திரி அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு. சூரியன் இறங்கி வானம் சிவந்திருந்தது. மரத்தில் ஸ்பீக்கர் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது. அடியில் நானும் கன்னியப்பனும். பெட்டி என் மடியில். நான் கை காட்டும் வரை சத்தத்தை ஏற்றக் கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

வசந்தா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மைக் முன்னால் நின்றாள். வெறுங்கால் பெருவிரல் மிதியைத் தேடித் தொட்டது. பின்னாலிருந்து ஏதோ ஒரு வாண்டு 'கீ' என்றது. அங்கங்கே சிரித்தார்கள். அவள் தோள் இறுகியது எனக்குத் தெரிந்தது. போய்விடுவாள் என்றே நினைத்தேன். பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், என்னமோ பெட்டிதான் எழுந்து போகப்போகிற மாதிரி.

அவள் பேசினாள். சத்தம் குறைவாக இருந்ததால் முன்வரிசைக்கு மட்டும்தான் முதலில் கேட்டிருக்கும்.

"போன நவராத்திரிக்கு இதே எடத்துல மைக் கத்துச்சு. நான் பாதியில எறங்கிப் போயிட்டேன்." வாசல் அடங்கியது. "இன்னிக்கும் கத்தலாம். கத்தட்டும். நான் பாதியில போறதா இல்ல."

பெட்டியின் முகப்பில் ஒரு முள் உண்டு. இன்னும் எவ்வளவு தப்பு பாக்கி இருக்கிறது என்று காட்டும். அவள் பேசப் பேச அது இறங்கியது. 'போறதா இல்ல' என்றபோது அடியில் போய்ப் படுத்தது. நான் கையைத் தூக்கினேன். கன்னியப்பன் முருகா என்று சொல்லிக் குமிழைத் திருகினார். அந்த வாசலில் அதுவரை யாரும் திருகாத இடம் வரை திருகினார்.

வசந்தா பாடினாள்.

நீண்ட ஸ்வரம் வந்தது. கால் அழுந்தியது. குரல் வேப்பமரத்திலிருந்து இறங்கி விளக்குகளின் மேல் போய் நின்றது, தேயவில்லை, கத்தவில்லை, சும்மா நின்றது. நடையில் காபி டம்ளரோடு நான் கேட்ட அதே இடம். ஒரு தடவை பெருங்காற்று அடித்து ஸ்பீக்கர் முழுசாகத் திரும்பியபோது மெல்லிய ஊளை ஒன்று கிளம்பியது. அவள் மூச்சு வாங்கினாள், கால் எழுந்தது, அடுத்த அடியின் நாலு சொல்லுக்குள் பெட்டி புது வழியைக் கற்றது. ஊளை அடங்கிவிட்டது. பிள்ளைகள் கவனிக்கக்கூட இல்லை.

பாட்டு முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. பூஜையில் தட்டுகிற வழக்கம் இல்லை. குங்குமத்தை எடுத்து அர்ச்சனையைத் தொடர்ந்தார்கள். எங்கள் வரிசையின் கடைசி வீட்டு அம்மாள் மட்டும் திரும்பி, இது நம்ம வசந்தாவா என்று என்னைப் பார்த்து வாயசைத்தார். நான் தலையாட்டினேன். கன்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து பாட்டு வந்தது. குழாய் மூடியிருந்தது. என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு, தண்ணீர் மிச்சம் என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

தப்பான ஓட்டை

அன்று பூஜையைக் கன்னியப்பன் கேசட்டில் பதிவு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் டேப் ரிக்கார்டரில் போட்டோம். ஒன்றுமே இல்லை. வெறும் இரைச்சல்.

"ஒயரு புட்டுக்கிச்சு போல கீது யக்கா."

அறுந்துபோகவில்லை. பெட்டியின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்றில் சுத்தமான குரல் வரும். இன்னொன்றில் பெட்டி எதைக் கழிக்கிறதோ அது வரும், நான் சோதனைக்கு வைத்தது. அவர் ஒயரைச் செருகியிருந்தது இரண்டாவதில். போச்சு என்று நிறுத்தப் போனேன்.

அப்போது இரைச்சலுக்குள் ஏதோ அசைந்தது. ரொம்ப தூரத்தில் ஒரு பெண் பேசுகிற மாதிரி. சொற்கள் பிடிபடவில்லை. பெட்டி கற்கக் கற்க மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. முதன்முதலாகத் தெளிவாகக் கேட்ட இரண்டு சொற்கள், 'போறதா இல்ல'.

பிறகு முழுப் பாட்டும் இருந்தது. மரத்திலிருந்து கிளம்பி, வாசலைச் சுற்றி, மைக்குக்குத் திரும்பி வந்த குரல் எப்படி இருக்கும் என்று பெட்டி கற்றுக்கொண்டதோ அந்தக் குரல். கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் அகன்று, திறந்த வெளியின் வாசம் அடித்துக்கொண்டு.

வசந்தா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். மிஷின் சத்தத்துக்குள்ளும் குழாய்ச் சத்தத்துக்குள்ளும் பாடியவள். தன் குரலை அவள் வெளியே இருந்து கேட்டதே இல்லை.

"இதுதான் அவங்களுக்குக் கேட்டதா அண்ணி?"

கிட்டத்தட்ட இதுதான் என்றேன். அவள் பாட்டு முடியும் வரை நின்றாள். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து, இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

என் ஆராய்ச்சி நூல் ஏதோ நூலகத்தில் கிடக்கிறது. பெட்டி துருப்பிடித்துப் போனது. அரக்குப் பொட்டு ஒட்டிய ஒரு சிப் மட்டும் பூஜை அலமாரியில் இருக்கிறது, பொட்டு இன்னும் விழவில்லை. வசந்தா திருமுல்லைவாயிலில் தனி வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாள், ஆடி வெள்ளி தவறாமல் பாடுகிறாள். அவளுக்கு இப்போது மைக்கைப் பற்றி என்னைவிட வாய் நீளம்.

போன மாதம் என் மகள் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஏற்றிக்கொண்டே, ஆரம்பத்துல ஒண்ணுமே இல்லையேம்மா, இரைச்சலை வெட்டிடட்டுமா என்று கேட்டாள்.

"வெட்டாத," என்றேன். "அங்கதான் அத்தை பேசிட்டிருக்கா."